3-9x40, 4-16x50: எதில் பார்வைப் பரப்பு அதிகம்?

கேள்வி: இரண்டு ரைஃபிள் ஸ்கோப்புகளை (துப்பாக்கியில் பொருத்தும் குறிநோக்கித் தொலைநோக்கி) ஒப்பிடுகிறேன்: 3-9x40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன் லென்ஸ்), 4-16x50. பார்வைப் பரப்பு, அதாவது ஸ்கோப் வழியே தெரியும் காட்சியின் அகலம்: முதலாவதில் 3 மடங்கில் 100 கெஜத் தொலைவில் 33 அடி. மற்றதில் 4 மடங்கில் 100 மீட்டர் தொலைவில் 9 மீட்டர். அலகே வேறு, உருப்பெருக்கமும் வேறு. எப்படி ஒப்பிடுவது? 50 மி.மீ. முன் லென்ஸ் என்பதால் இரண்டாவதுதானே அகலமாகக் காட்டும்?

பதில் 1: முன் லென்ஸ் அளவை விடுங்கள், அது வெளிச்சத்துக்கு. அகலத்தைப் பெரும்பாலும் கண்பக்க லென்ஸின் அமைப்புதான் தீர்மானிக்கிறது. அடிக்கணக்கை 3-ஆல் வகுத்தால் 100 மீட்டருக்கான மீட்டர் கணக்கு வந்துவிடும்: 33 அடி என்றால் 11 மீட்டர். அப்புறம் உருப்பெருக்கத்தால் பெருக்குங்கள். 3 × 11 = 33, 4 × 9 = 36. மடங்கு கூடக்கூட அதே விகிதத்தில் பரப்பு சுருங்கும். ஆக, 6 மடங்கில் முதலாவது 5.5 மீட்டர், இரண்டாவது 6 மீட்டர். எனக்கு இந்தப் பெருக்கல்தான் நம்பகமான அளவுகோல்.

பதில் 2: சரியான கணக்கு. ஆனால் சில ஸ்கோப்புகளில் மிகக் குறைந்த மடங்கில் பரப்பு விரியாமல் நின்று, படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம்தான் தடிக்கும். அதனால் உச்ச மடங்கில் தரப்படும் அகலத்தையும் அந்த மடங்கால் பெருக்கிப் பாருங்கள்.

கேட்டவர்: நன்றி! கிட்டத்தில் ஓடும் இலக்குக்கு 3 மடங்கின் 11 மீட்டர்தான் எனக்கு வேண்டும். முதலாவதையே எடுக்கிறேன்.