ஹத்தீனில் அழிந்த படைக்கும் அர்சூஃபில் வென்ற படைக்கும் என்ன வித்தியாசம்?

அகழிமேடு:
1187 ஜூலை 4 அன்று, பாலஸ்தீனத்தின் ஹத்தீனில் எருசலேம் அரசர் கீ டி லூசினியனின் சிலுவைப் படை அடியோடு அழிந்தது. நான்கு வருஷம் கழித்து, ஏறக்குறைய அதே வெயிலில், அதே சுல்தான் சலாஹுத்தீனை எதிரில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் அக்கோவிலிருந்து கடலோரமாக யோப்பா வரை படையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், வழியில் அர்சூஃபில் வென்றார். கீ கோழை, ரிச்சர்ட் வீரர் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நடையிலும் அணிவகுப்பிலும் என்ன மாறியது? அப்படி வென்றவர், ஹத்தீனுக்குப் பிறகு சலாஹுத்தீன் கைக்குப் போன எருசலேமைப் பிடிக்காமல் திரும்பியது ஏன்?

சுனைநீர்:
ஹத்தீனைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும். படை கூடியது சஃபூரியாவில். அங்கே நல்ல ஊற்று உண்டு. அங்கிருந்து அவர்களை வெளியே இழுக்கத்தான் சலாஹுத்தீன் ஜூலை 2 அன்று ஏரிக்கரை நகரான திபேரியாவைத் தாக்கினார். கோட்டைக்குள் சிக்கியவர் திரிப்போலி கோமான் ரேமண்டின் மனைவி எஷிவா. அந்த ரேமண்டே "போக வேண்டாம்" என்றார், அரசரும் சரி என்றார். இரவோடு இரவாக, டெம்ப்ளர் என்ற துறவி வீரர் அமைப்பின் தலைவர் ஜெரார்ட் டி ரிட்ஃபோர்ட் அரசரின் மனதை மாற்றிவிட்டார். கீயின் நிலையையும் பாருங்கள்: 1183-இல், அரசராகும் முன் அரசருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொண்டபோது, இதேபோல் போருக்கு இறங்காமல் காத்திருந்தார், எதிரி தானாகத் திரும்பிப் போனான். ஆனால் அதற்காகவே ஏச்சு வாங்கி, ஆட்சிப் பொறுப்பையும் இழந்தார். மறுபடியும் "சும்மா உட்கார்ந்தான்" என்ற பேரை அவரால் தாங்கியிருக்க முடியாது.

சஃபூரியாவிலிருந்து திபேரியா ஏறக்குறைய 25 கி.மீ. படை 20,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5 லிட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். 4,000 குதிரை என்று குறைத்துக் கணக்கிட்டாலும், தலைக்கு 30 லிட்டர் வீதம் இன்னும் 1,20,000. தோல்பையில் தூக்கிப் போகிற அளவா இது? வழியில் துர்ஆன் ஊற்று இருந்தது. அதைத் தாண்டிப் போனதும் சலாஹுத்தீனின் ஆட்கள் பின்னால் புகுந்து திரும்பும் வழியை அடைத்துவிட்டார்கள். பின்படைமேல் அம்பு விழ விழ அது நின்றது. அது நின்றதால் முன்படையும் நிற்க வேண்டியதாயிற்று. இரவு மஸ்கனா என்ற இடத்தில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல். எதிரி முகாமுக்கோ ஒட்டகங்களில் ஏரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். தாகத்திலும் புகையிலும் காலாட்கள் வரிசையை விட்டு, ஹத்தீனின் கொம்புகள் எனப்படும் இரட்டை முனைக் குன்றின்மேல் ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகு குதிரைகளுக்கு மறைப்பே இல்லை.

குறுக்குவில்:
அந்தக் கடைசி வரிதான் முக்கியம். குதிரை வீரனின் கவசத்தைவிட அவன் குதிரையைத்தான் எதிரி குறிவைப்பான். ரிச்சர்ட் அதைப் புரிந்துகொண்டு நடையை அமைத்தார். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் காலாள் மதில், நடுவில் குதிரைகள், கடலோரமாகச் சுமைவண்டிகள். காலாட்களில் ஒரு பாதி இடப்பக்கம் அடிவாங்கும்போது மறுபாதி வண்டிகளோடு ஓய்வாக நடக்கும். பிறகு இடம் மாறும். காலை வேளையில் மட்டும் நடை, இடையிடையே முழுநாள் ஓய்வு. கப்பல்கள் கூடவே வந்து உணவு தந்தன, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டன. சலாஹுத்தீனோடு இருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத், முதுகில் பத்து அம்பு வரை குத்தி நிற்க, வரிசை கலையாமல் நடந்த காலாளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். வளையக் கவசத்தோடு தடித்த கம்பளிச் சட்டை சேர்ந்தால் தூரத்து அம்பு உடலுக்குள் இறங்காது. கிட்டே வந்து எய்யலாமென்றால், விசையை அழுத்தி எய்யும் குறுக்குவில் காத்திருக்கும்.

ஈட்டி தாழ்த்திப் பாயும் தாக்குதலை ஒருமுறை தொடங்கினால் திருப்பிக் கூப்பிடுவது கடினம். எதிரி விலகி வழிவிட்டால் பாய்ச்சல் வீண். ஹத்தீனில் ரேமண்டுக்கு நடந்தது அதுதான். சலாஹுத்தீனின் தளபதி தகீயுத்தீனின் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள், அவர் வெளியே போனதும் மூடிக்கொண்டார்கள்.

அகழிமேடு:
நன்றி, இருவருக்கும். ஆனால் செப்டம்பர் 7 அன்று அர்சூஃபில், டெம்ப்ளர்களைப் போன்ற இன்னொரு துறவி வீரர் அமைப்பான ஹாஸ்பிட்டலர்கள் உத்தரவை மீறித்தானே பாய்ந்தார்கள்?

குறுக்குவில்:
ஆமாம். அவர்கள் பின்படை, குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. தலைவர் கார்னியே கேட்டும் ரிச்சர்ட் விடவில்லை. ஆறு எக்காளம் ஊதியபின் எல்லோரும் ஒன்றாகப் பாய்வது என்பதுதான் ஏற்பாடு. அதற்குள் இரண்டு பேர் கிளம்ப, மற்றவர்கள் பின்னால் போனார்கள். ரிச்சர்ட் உடனே மொத்தப் படையையும் அனுப்பினார். தனியாக விட்டிருந்தால் ரேமண்டின் கதிதான். அதைவிடப் பெரிய காரியம், துரத்தி ஓடியவர்களைத் தடுத்து மறுபடி வரிசைக்குக் கொண்டுவந்தது. இப்படிச் சொல்வதால் அவரைப் புகழ்வதாக எண்ண வேண்டாம். இந்த நடைக்குச் சில நாள் முன்புதான் அக்கோவில் ஏறக்குறைய 2,700 கைதிகளை வெட்டச் சொன்னார்.

சுனைநீர்:
எருசலேம் கேள்விக்கு வருகிறேன். 1192 ஜனவரியிலும் பிறகு ஜூனிலும் ரிச்சர்ட் பெய்த் நூபா என்ற ஊர் வரை போனார். அங்கிருந்து எருசலேம் 20 கி.மீ. சொச்சம்தான். ஆனால் அது மலைநாடு, கப்பல் வராது. யோப்பாவிலிருந்து வரும் ஒற்றைப் பாதையை எதிரி வெட்டினால் முற்றுகையிடுபவனே முற்றுகைக்குள் சிக்குவான். ஜூனில் சலாஹுத்தீன் நகரைச் சுற்றியிருந்த தொட்டிகளையும் கிணறுகளையும் கெடுத்துவிட்டார். கோடையில் தண்ணீர் இல்லாத மேட்டில் ஏறுவது என்றால் ஹத்தீனேதான். திரும்பியது சரியான முடிவு என்பதே என் எண்ணம். 1192 செப்டம்பர் 2 ஒப்பந்தத்தில் கடற்கரை கிறிஸ்தவர்களிடம் தங்கியது, யாத்திரிகர்களுக்கு எருசலேம் திறந்தது. ரிச்சர்ட் மாதக்கணக்கில் செலவழித்துக் கட்டிய, தெற்குக் கடற்கரை நகரான அஸ்கலோனின் மதிலைத்தான் இடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.