ஃபுட்ஷெட்: ‘உணவுக்கொட்டகை’ வேண்டாம், ‘வரத்துப்புலம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபுட்ஷெட் (foodshed) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘உணவுக்கொட்டகை’ என்று போடலாம் என நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கோவித்துக்கொள்ள வேண்டாம், படித்ததும் மாட்டுக்கொட்டகை ஓரமாக நாலு மூட்டை கேழ்வரகு அடுக்கியிருப்பதுதான் கண்ணில் வந்தது. இது கூரை போட்ட ஷெட் இல்லை, வாட்டர்ஷெட்டில் வருகிற ஷெட். எங்கெங்கே பெய்த மழை ஓர் ஆற்றுக்கு வந்து சேர்கிறதோ அந்த நிலமெல்லாம் வாட்டர்ஷெட்; எங்கெங்கே விளைந்தது ஓர் ஊரின் தட்டுக்கு வந்து சேர்கிறதோ அது ஃபுட்ஷெட். அமெரிக்காவில், பெருநகரங்களுக்கு உணவு எப்படி வருகிறது என்று புத்தகம் எழுதிய வால்டர் ஹெடன் 1929-லேயே இந்த ஒப்புமையைப் பிடித்துவிட்டார்.

‘நீர்ப்பிடிப்புப் பகுதி’யைப் பார்த்துச் செய்த ‘உணவுப்பிடிப்புப் பகுதி’யும் எனக்கு ஒட்டவில்லை. பிடிப்பு என்றால் தானாக வந்து விழுவதைப் பிடிப்பது. தக்காளி சரிவில் உருண்டு போகிறதா என்ன, விலை இழுக்கிற பக்கம் போகிறது.

என் யோசனை ‘வரத்து’. கிருஷ்ணகிரியில் காலையில் பேப்பரைப் பிரித்தால் ஒரு பத்தியில் கேஆர்பி அணைக்கு நீர்வரத்து, அடுத்த பத்தியில் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி வரத்து. மண்டியில் கிரேட்டை இறக்கும்போதே “இன்னிக்கு வரத்து ஜாஸ்தி” என்று சொல்லிவிடுவார்கள், அதற்கு மேல் விலை கேட்க வேண்டியதே இல்லை. தண்ணீருக்கும் காய்க்கும் ஒரே சொல்லை நம் ஆட்கள் புழங்கிக்கொண்டிருக்க, நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

வரத்து என்றால் அளவுதானே, இடம் எங்கே என்பீர்கள். அதற்குத்தான் புலம், அதாவது நிலம்; பட்டாவில் இருக்கிற ‘புல எண்’ணின் புலம், பல்கலைக்கழகப் புலம் இல்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணையின் நீர்ப்பிடிப்பில் பெங்களூருவின் ஒரு பகுதி இருக்கிறது, பெங்களூருவின் வரத்துப்புலத்தில் ராயக்கோட்டையும் ஓசூரும் இருக்கின்றன.’ பெங்களூருவிலிருந்து கழிவு கலந்து வந்து ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது, இங்கிருந்து தக்காளியும் கொத்தமல்லியும் லாரி ஏறுகின்றன. (இதைத் தட்டும்போது கொஞ்சம் வயிறு எரிந்தது, அது வேறு கதை.)

அப்புறம், ஒரே தட்டுக்கு ஒரே புலம் என்றும் இல்லை. தருமபுரியில் களிக்கான ராகி பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காட்டிலேயே கிடைக்கும். ரேஷன் அரிசிக்கான நெல் டெல்டாவிலிருந்து சரக்கு ரயிலில் வந்து இறங்குகிறது. அதனால் ‘ராகி வரத்துப்புலம்’, ‘அரிசி வரத்துப்புலம்’ என்று பிரித்தும் சொல்ல வர வேண்டும், வருகிறது. அகராதிப் பதிவில் மட்டும் ‘உணவு வரத்துப்புலம்’ என்று முழுசாகப் போடலாமா? சந்தி பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.