மறு: பேராசிரியர் நியமனம் – 'அடையாளச் சரிபார்ப்பு' போதுமா?

அனைவருக்கும் வணக்கம். தன்னைப் பூர்வகுடி என்று சொல்லிக் கனடாவில் பேராசிரியர் பதவிக்கு வருபவர் உண்மையில் அந்தச் சமூகத்தவரா என்று பல்கலைக்கழகங்கள் பார்ப்பதற்கு, நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பதுதானே பேச்சு. மதுரை ஐயா எழுதியிருந்தார்:

> 'அடையாளச் சரிபார்ப்பு' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

மதுரை ஐயா, புரியும்தான். ஆனால் என்னவென்று புரியும்? வங்கி ஓடிபி கேட்பதும், விமான நிலையத்தில் கடவுச்சீட்டையும் முகத்தையும் ஒப்பிடுவதும் அடையாளச் சரிபார்ப்பு. 'நீ சொல்லும் ஆள் நீதானா' என்பது அங்கே கேள்வி. கனடாவில் பூர்வகுடியினருக்கென ஒதுக்கிய பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறவரிடம் இப்போது கேட்பது வேறு: எந்தச் சமூகம் உங்களைத் தன் பிள்ளை என்கிறது?

முன்பு படிவத்தில் ஒரு கட்டத்தில் தாமே குறியிட்டால் பெரும்பாலும் போதும். 2015இல், பூர்வகுடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை வந்தபின் பூர்வகுடி ஆசிரியர்களை நியமிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைந்தன. அந்தக் கட்டத்துக்கு விலை கூடியது. 2021 அக்டோபரில் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி, சஸ்காச்சுவான் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரி பௌராசாவின் முன்னோரைத் தேடிப்போய், அவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் என்று வெளியிட்டது. மேட்டீ, அனிஷினாபே, டிலிங்கிட் என்று மூன்று பூர்வகுடி வழி சொல்லிவந்தவர் அவர். மேட்டீ பெரியவர் ஒருவர் தன்னைத் தத்தெடுத்ததாகப் பிறகு விளக்கம் தந்தார். 2022 ஜூனில் பதவி விலகினார்.

அந்த ஆண்டே அதே பல்கலைக்கழகம், பூர்வகுடி என்று சொல்வதைச் சரிபார்க்கக் கொண்டுவந்த விதிக்கு வைத்த பெயர்: தெப்வேவின், தாப்வேவின், தப்வேவின். சோல்ட்டோ, மிச்சிஃப், கிரீ ஆகிய பூர்வகுடி மொழிகளில் மூன்றுக்கும் 'உண்மை' என்று பொருள். அலுவலகச் சொல்லை ஒதுக்கிவிட்டுத் தங்கள் மொழிகளின் சொல்லையே முன்னால் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்றுதான் எனக்கு நம் 'மெய்' நினைவுக்கு வந்தது.

மெய் என்றால் உடம்பும்தானே என்று தயங்கினேன். உடம்பில் தேடுகிற விஷயம் இல்லை இது. டிஎன்ஏ சோதனை தொலைதூர வம்சத்தைப் பற்றி ஏதாவது சொல்லலாம். எந்த ஊரும் அந்த ஆளை அறியுமா என்று அது சொல்லாது. அதனால் மெய்யைத் தனியே விடாமல் 'குடியுறவு' என்பதோடு சேர்த்துக் கட்டலாம்: குடியுறவு மெய்காணல்.

'உறவு' ஏன்? எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் புதிதாக ஒரு பொடியனைக் கண்டால் கிழவிமார் முதலில் பெயர் கேட்பதில்லை. 'நீர் ஆற்றை (யாருடைய) பிள்ளை?' என்பார்கள். அம்மம்மாவின் வளவு எது, எந்தக் கிணற்றடி என்று போய், தெரிந்த ஒரு முகத்தில் வந்து நிற்கும்வரை விடமாட்டார்கள். நான் சொல்ல வருவது அந்தக் கேள்வியைத்தான். 2003இல் கனடா உச்ச நீதிமன்றமும், சூ செயின்ட் மேரி அருகே மூஸ் மான் சுட்ட தந்தை மகன் மீதான பவ்லி வழக்கில், மேட்டீ உரிமைக்கு மூன்றைக் கேட்டது: தன்னை மேட்டீ என்று அறிவிப்பது, முன்னோர் வழித் தொடர்பு, இன்றைய சமூகம் ஏற்பது. 'அடையாளம்' முதலாவதை மட்டுமே தொடுகிறது.

கோவைத் தோழி சொன்ன 'தொல்குடிச் சான்றாய்வு' அழகான சொல். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. சான்று என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு சாதிச் சான்றிதழும் அதன் மெய்த்தன்மை விசாரணையும்தான் நினைவுக்கு வரும். அங்கே சான்று கொடுப்பதும் அரசு, சோதிப்பதும் அரசு. கனடாவிலோ அரசின் பதிவேடே ஆட்களை வெளியே தள்ளியது. பூர்வகுடியினரை 'இந்தியர்' என்று அழைத்த 1876 இந்தியர் சட்டப்படி பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய பூர்வகுடியினர், அந்தப் பட்டத்தாலேயே சட்டத்தின் கண்ணில் 'இந்தியர்' இல்லாமல் போக முடிந்தது. பிறத்தியாரை மணந்த பெண்கள் 1985 வரை அந்தச் சட்ட அந்தஸ்தை இழந்தார்கள், ஆண்கள் இழக்கவில்லை. 1960களில் ஏராளமான பிள்ளைகளைக் குடும்பங்களிடமிருந்து எடுத்து வெளியாருக்குத் தத்துக் கொடுத்தார்கள். அப்படி வளர்ந்த ஒருவரிடம் போய்ப் 'பத்திரம் எங்கே' என்றால் என்ன செய்வார்? நாங்கள் இடம்பெயர்ந்தபோது பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் வீட்டோடு போய்விட்டன. பிறகு எங்கள் ஊர் விதானையார் (கிராம அலுவலர்) எழுதித் தந்த கடிதம்தான் எங்களைக் காப்பாற்றியது. எங்களைத் தெரிந்த ஒருவர் 'இவர்களைத் தெரியும்' என்று எழுதிய கடிதம். ஆகவே பத்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கலைச்சொல்லின் நடுவே அது உட்கார வேண்டாம் என்கிறேன்.

குடி ஏற்பது என்ற பொருளில் 'குடியேற்பு' என்பதும் வேண்டவே வேண்டாம். 'குடியேற்றம்' என்று கைதவறி அச்சாகிவிட்டால், அவர்கள் நிலத்தைப் பறித்ததன் பெயராகவே ஆகிவிடும்.

அப்புறம், பூர்வகுடி அல்லாதவர் பூர்வகுடி என்று நடிப்பதைக் குறிக்கும் 'பிரிடெண்டியன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்த 'போலிப் பழங்குடி'. அதில் போலி என்பது குடிக்கே அடைமொழியாகிறது. அந்தக் குடியே பொய் என்பதுபோல் ஒலிக்கிறது. செயலுக்கு 'தொல்குடி வேடம்' என்று பெயர் வைத்தால் பழி வேடம் போட்டவரோடு நிற்கும். சட்டப் பேச்சுக்கு 'தொல்குடி அடையாள மோசடி'. இங்கே 'அடையாளம்' பொருத்தம்தான், மோசடி நடப்பது அதில்தானே.

நம் பட்டியலில் மேட்டீ என்பதைக் 'கலப்பினத்தவர்' என்று போட்டிருப்பதை உடனே மாற்றக் கேட்கிறேன். சிவப்பாற்றுப் பக்கத்தில் தனி மக்களாக உருவாகி, மிச்சிஃப் என்று தனி மொழியும் வைத்திருப்பவர்கள். 1982 அரசமைப்புச் சட்டமும் அவர்களைத் தனியே பெயர் சொல்கிறது. குடும்பத்தில் எங்கோ ஒரு பூர்வகுடிப் பாட்டி இருந்தாலே மேட்டீ ஆகிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பல வேடங்கள் தொடங்கின. நம் பட்டியலே அதற்கு வழி காட்டக்கூடாது. பெயரை அப்படியே எழுதுவோம்.

மேட்டீயா, மேட்டியா? நெடில் இல்லாவிட்டால் ஊர் மேட்டை நினைப்பார்கள் என்று நான் நெடிலில் எழுதியிருக்கிறேன். ஒலிபெயர்ப்பு பார்ப்பவர்கள் சொல்லுங்கள், அதன்படி பட்டியலில் திருத்திவிடுகிறேன்.