பத்து டிகிரி உயர்ந்தால் வினைவேகம் இருமடங்காவது ஏன்?

கேள்வி:
வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினைவேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்கிறார்கள். மூலக்கூறுகள் விரைந்து ஓடி அடிக்கடி மோதிக்கொள்வதே காரணம் என்றும் விளக்குகிறார்கள். ஆனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 298 கெல்வினிலிருந்து 308 கெல்வினுக்குச் செல்கையில் அது 1.7 விழுக்காடுதான் கூடுகிறது. மோதல்களும் அவ்வளவே கூடுமென்றால், வினைவேகம் எப்படி இரட்டிக்கிறது?

மறுமொழி 1:
எத்தனை மோதல்கள் நிகழ்கின்றன என்பதை விட, அவற்றில் எத்தனை பலன் தருகின்றன என்பதே இங்கு முக்கியம். பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியவை உருவாக, மோதும் மூலக்கூறுகளிடம் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் இருக்க வேண்டும். அதுவே கிளர்வுறு ஆற்றல். 1889-இல் வேதியியலாளர் அர்ஹீனியஸ் முன்வைத்த சமன்பாட்டின்படி, அந்த அளவை எட்டும் மோதல்களின் பின்னம் வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் உயர்கிறது. கிளர்வுறு ஆற்றலை மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 298 கெல்வினில் ஆயிரம் கோடி மோதல்களுக்குச் சுமார் 17 மட்டுமே தேறுகின்றன, 308 கெல்வினில் சுமார் 33. சராசரி மூலக்கூறு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்க, எந்த ஆற்றலில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று காட்டும் ஆற்றல் பங்கீட்டு வளைகோட்டின் வால்பகுதி, அதாவது மிக அதிக ஆற்றலுள்ள பகுதி மட்டும் தடித்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், கிளர்வுறு ஆற்றல் மிக அதிகமான வினைகளை வெப்பநிலை அவ்வளவாகப் பாதிக்காது என்று கொள்ளலாமா?

மறுமொழி 2:
நேர்மாறாகவே நடக்கும். அதே 10 கெல்வின் உயர்வுக்கு, 25 கிலோஜூல் உள்ள வினை 1.4 மடங்கும், 100 கிலோஜூல் உள்ள வினை 3.7 மடங்கும் விரைவடையும். தொடங்கும் வெப்பநிலையும் பொருட்டே: 50 கிலோஜூல் வினையை 600 கெல்வினிலிருந்து 610-க்குக் கொண்டுசென்றால் 18 விழுக்காடுதான் கூடும். ஆகவே 'இருமடங்கு' என்பது அறை வெப்பநிலையில், 50 கிலோஜூலை ஒட்டிய வினைகளுக்கு மட்டுமே பொருந்தும் தோராயம். அதை விதியென்று மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

மறுமொழி 3:
வினையூக்கியையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பார்க்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதற்கான கிளர்வுறு ஆற்றல் சுமார் 75 கிலோஜூல். அயோடைடு அயனி வேறொரு வழியைத் திறந்து அதைச் சுமார் 56 ஆக்குகிறது. அதிர்வெண் காரணி (அதே சமன்பாட்டில், மோதல்கள் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பொருத்தமான திசையில் நிகழ்கின்றன என்பதைக் குறிக்கும் எண்) மாறாது என்று கொண்டால், 298 கெல்வினில் இது ஈராயிரம் மடங்குக்கும் மேலான விரைவு. வெப்பத்தால் மட்டும் அதே பலனைப் பெறக் கரைசலை ஏறத்தாழ 400 கெல்வின் வரை, அதாவது நீரின் கொதிநிலையையும் தாண்டிச் சூடாக்க வேண்டியிருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகும் வினை, வெப்பநிலை கூடக் கூட மெதுவாகிறது. இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் முதலில் தளர்வாக இணைந்து, அந்த இணையை ஆக்சிஜன் தாக்குகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களில் ஒன்று. சூடேறினால் அந்த இணை ஆக்சிஜன் வந்து சேரும் முன்பே பிரிந்துவிடுகிறது.