புதுப்பிப்பு: கேள்வித்தாளில் '100 ஆண்டு வெள்ளம்' – தீர்வு கிடைத்தது

உதவியவர்களுக்கு நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வித்தாளில் '100 ஆண்டு வெள்ளம்' (எந்த ஓர் ஆண்டிலும் வர 1% வாய்ப்புள்ள பெருவெள்ளம்) என்று போட்டால், "அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இனி நம்ம காலத்துல வராது" என்றே பலரும் சொன்னார்கள். எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, காலத்தை நீட்டிச் சொல்லும் யோசனைதான். ஆண்டுக்கு 1% வாய்ப்பு என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. அதையே 30 ஆண்டுக்குக் கணக்கிட்டால் (0.99-ஐ 30 முறை பெருக்கி 1-இலிருந்து கழிக்க வேண்டும்) சுமார் 26% வருகிறது. "30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர, நாலில் ஒரு வாய்ப்பு" என்று எழுதியதும் பதில்களின் போக்கே மாறிவிட்டது. நெறியாளருக்கு 'வீட்டுக்கடன்' பிடிக்கவில்லை, நான் விடவில்லை.

எதிர்பாராதது: வாக்கியத்தோடு வைத்த, 100 கட்டங்களில் 26-க்கு நிறமடித்த படம் ஆளைக் குழப்பியது. 100 வீடுகளில் 26 மூழ்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்! மழை வாய்ப்பு 30% என்பதைச் சிலர் "30% நேரம்", சிலர் "30% இடம்" என்று தவறாகப் புரிந்துகொள்வதை உளவியலாளர் கிகெரென்சரின் குழு 2005-இல் காட்டியது, அதே கதைதான். பதில் சொல்லும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள் என்று இங்கே ஒருவர் சொன்னாரே, அதனால்தான் இது பிடிபட்டது. படத்தை எடுத்துவிட்டேன், வாக்கியம் மட்டும் இருக்கிறது.