லிட்டன் பிரபுவின் சொந்தக் கடிதங்கள்: தாது வருஷப் பஞ்சத்துக்கு இதெல்லாம் ஒரு சாட்சியா?

ஏட்டுப்பூச்சி:
சண்டை இழுக்கத்தான் இந்த இழை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆள்: ராபர்ட் புல்வர்-லிட்டன், 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய். அதற்கு முன்னால் கால் நூற்றாண்டு பிரிட்டிஷ் தூதரகங்களிலேயே காலம் தள்ளியவர். பதினெட்டு வயதில் வாஷிங்டனில் பெரியப்பாவின் கீழ் சம்பளமில்லாத உத்தியோகத்தில் தொடங்கி ஃப்ளாரன்ஸ், வியன்னா, ஏதென்ஸ் என்று சுற்றி லிஸ்பனில் முடித்தார். நடுவே 'ஓவன் மெரிடித்' என்ற பெயரில் கவிதை. 1860இல் வந்த 'லூசில்' என்ற செய்யுள் நவீனம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது.

கடிதம் எழுதுவதில் சூரர். மகள் பெட்டி பால்ஃபர் 1906இல் தேர்ந்தெடுத்து இரண்டு தொகுதியாகப் போட்டார். அவருடைய இந்தியக் காலத்துக் காகிதங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

விஷயம் இதுதான். 1876-78இல் தெற்கே தாது வருஷப் பஞ்சம். 1877 ஆகஸ்ட் கடைசியில் சென்னைக்கு வந்து பஞ்ச நிவாரண முகாம்களைப் பார்க்கிறார். பிறகு ஒரு தனிக் கடிதத்தில் அவற்றை 'பிக்னிக்' என்று எழுதுகிறார். உள்ளே இருப்பவர்கள் வேலைவெட்டி இல்லாமல் கொழுத்துக் கிடக்கிறார்களாம். சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகன் முகாமுக்குப் போவது, பண்ணையார் தன் பரிசு மாடும் பன்றியும் எவ்வளவு சதை போட்டிருக்கிறது என்று பார்க்கப் போவது மாதிரி இருக்கிறதாம்.

என் கட்சி: எந்த அரசாணையையும் விட இந்தக் கடிதம்தான் பெரிய சாட்சி. ஆணையை நாலு பேர் திருத்துவார்கள், மேலே கீழே பார்த்து எழுதுவார்கள். இதை அவர் தன் சந்தோஷத்துக்கு எழுதியிருக்கிறார். பட்டினி கிடந்தவர்களை நேரில் பார்த்துவிட்டு வந்த ஒரு கவிஞனுக்கு அந்த உவமை தோன்றியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சார், இது திண்ணைப் பேச்சு. அந்தக் கடிதம் ஒருத்தரையும் கொல்லவில்லை. கொன்றது ராத்தல் கணக்கு.

1877 ஜனவரியில் லிட்டனின் அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே வந்து நிவாரண வேலையாட்களுக்குக் கூலி நிர்ணயித்தார். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆம்பளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா காசு. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. ஒரு ராத்தல் என்றால் 450 கிராம் சொச்சம். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது என்று எழுத்தில் ஆட்சேபித்தார். கூடவே, தானிய வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக்கூடாது என்ற உத்தரவு. இத்தனையும் அதிகாரபூர்வக் கோப்பிலேயே இருக்கிறது. இதைப் படிக்க யாருடைய அந்தரங்கக் கடிதமும் தேவையில்லை.

இன்னொன்று. இதே டெம்பிள்தான் 1874 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கினவர். சாவு மிகக் குறைவு. அதற்குப் பரிசாக 'ஊதாரி' என்று திட்டு வாங்கினார். அடுத்த பஞ்சத்தில் அதே ஆள் கையை இறுக்கினார். அப்போ கோளாறு ஒரு ஆளின் மனசிலா, அமைப்பிலா? தெற்கே மொத்தமாகச் செத்தவர்கள் 55 லட்சம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதை ஒருத்தருடைய உவமை ரசனையில் போய் முடிச்சு போடுவது எனக்கு ஒப்பவில்லை.

வைகறை:
இடையில் ஒரு வரி. 'லூசில்' கதையே ஜார்ஜ் சாண்டின் ஒரு நாவலில் இருந்து எடுத்தது என்று அப்பவே குற்றச்சாட்டு உண்டு. விவாதத்துக்குத் தேவையில்லைதான், ஆனா சொல்லாம இருக்க முடியலை. அவரைக் கவிஞர்னு இவ்வளவு அழுத்திச் சொல்லணுமா?

ஏட்டுப்பூச்சி:
@வைகறை நல்ல கவிஞர்னு நான் எங்கே சொன்னேன்!

@கணக்குப்பிள்ளை அமைப்பு, அமைப்பு என்கிறீர்கள். அதே அமைப்பில்தான் பக்கிங்காம் கோமகனும் இருந்தார். பஞ்சம் தொடங்கியதும் அவருடைய நிர்வாகம் தானியம் வாங்கி இருப்பு வைக்கப் பார்த்தது. மேலிடம், அதாவது லிட்டனின் அரசு, தடுத்தது. ஒரே ராணி, ஒரே சட்டம், இரண்டு ஆள், இரண்டு விதமான புத்தி. அப்படியென்றால் ஆள் யார் என்பது கணக்கில் வரும். அந்தக் கோமகன் மீது லிட்டனுக்கு எவ்வளவு இளப்பம் என்பது கோப்பில் மரியாதை மொழிக்குள் ஒளிந்திருக்கும், தனிக் கடிதத்தில்தான் பச்சையாகத் தெரியும்.

சீர்தூக்கி:
ரெண்டு பேரும் ஒரு பக்கத்தை மறைக்கிறீர்கள். 1876இல் ஃபுல்லர் வழக்கு. ஆக்ராவில் ஒரு ஆங்கில வக்கீல் தன் குதிரைக்காரனை அடித்தார், அவன் செத்துப்போனான். தண்டனை 30 ரூபாய் அபராதம். லிட்டன் அதைக் கண்டித்துக் குறிப்பு எழுதினார். இங்கிருந்த வெள்ளைக்காரர்களெல்லாம் அவர் மேல் பாய்ந்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. பஞ்சக் கமிஷன் 1878இல் அமைக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். பின்னால் வந்த பஞ்ச விதித்தொகுப்புகளுக்கு அதுதான் அடிப்படை.

லிட்டனின் அப்பா பேர்பெற்ற நாவலாசிரியர். அம்மாவைப் பைத்தியம் என்று சொல்லிப் பூட்டி வைத்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. காகிதம் படிப்பதாக இருந்தால் முழுசாகப் படியுங்கள், ஒரு கடிதத்தை உருவிக்கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீங்களா, இதுக்குத்தான் பயந்தேன். அந்தரங்கக் காகிதத்தைத் திறந்தால் முதலில் அப்பா அம்மா சண்டை வரும், அப்புறம் பாவம் என்று தோணும், அப்புறம் கவிஞர் மனசு. முகாமில் செத்தவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஃபுல்லர் குறிப்பு எழுதின அதே கைதான் 1878இல் நம் மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டது. ஆங்கிலப் பத்திரிகைக்கு அது கிடையாது! அடுத்த வைஸ்ராய் ரிப்பன் வந்துதான் 1882இல் எடுத்தார்.

கோமகன் விஷயத்தில் மட்டும் ஏட்டுப்பூச்சிக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். ஆனால் தானியம் வாங்கினதும் தடுத்ததும் சர்க்கார் கடிதப் போக்குவரத்தில் இருந்துதான் நமக்குத் தெரியும். இளப்பம் தெரிந்ததால் என்ன கூடுதலாகக் கிடைத்தது?

ஹட்டன்காரன்:
இதுவரை வாசிச்சுக்கிட்டுதான் இருந்தேன். எங்க பூட்டனோட ஆளுங்க அந்தப் பஞ்சத்துலதான் கடல் தாண்டினது. மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுப்பாதையில நடை. அப்ப தேயிலை இல்ல, கோப்பித் தோட்டம். 1877ல இலங்கைக்கு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்ல.

எங்க வீட்டுல அந்தக் காலத்துக் காகிதம்னு ஒண்ணும் கிடையாது. ஒரு பித்தளைச் சொம்பு இருக்கு. விளிம்பு நசுங்கி, அடியில புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்து பாதி அழிஞ்சது. 'மு' மட்டும் தெளிவா தெரியும். ஊரா, ஆளா தெரியாது. அம்மாச்சி அதை முருகன்னு படிப்பாங்க, மாமா முத்தையான்னு படிப்பாரு. வைஸ்ராய் எந்த நாள் எந்த மனநிலையில இருந்தாருன்னு நூலகத்துல போய்ப் பார்க்கலாம். எங்களுக்கு இன்னும் ரெண்டாவது எழுத்துக்கே தகராறு.

ஏட்டுப்பூச்சி:
@ஹட்டன்காரன் இதைப் படித்தபிறகு கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை.

@கணக்குப்பிள்ளை கூடுதலாகக் கிடைத்தது ஒன்று உண்டு. 'அவருக்கு நிலவரம் தெரியாது' என்று இனி யாரும் சொல்ல முடியாது. நேரில் வந்து நின்று பார்த்திருக்கிறார். பறக்கும் ரயிலில் போகும்போது கீழே நாறுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் 1877-78இல் பஞ்சக் கூலிக்கு வந்தவர்கள் வெட்டியது. அவர்களைத்தான் 'வேலை செய்யாமல் கொழுத்தவர்கள்' என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
இல்லை, கலக்காதீர்கள். கால்வாய் வெட்டினது நிவாரண வேலைத்தளம். கடிதத்தில் வருவது முகாம். வேலை செய்யத் தெம்பில்லாதவர்களுக்குச் சும்மா சோறு போட்ட இடம்.

ஏட்டுப்பூச்சி:
சரி, அது என் தவறு. ஆனால் தெம்பில்லாதவர்களைப் பார்த்துக் கொழுத்தவர்கள் என்றார் என்றால் கடிதம் இன்னும் மோசமாகத்தானே ஆகிறது?

கணக்குப்பிள்ளை:
அதை மறுக்கவில்லை.

வைகறை:
இன்னொரு தேவையில்லாத தகவல். வைஸ்ராய் ஆவதற்கு முன்னால் சென்னை கவர்னர் பதவியைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றார்.

ஹட்டன்காரன்:
ஒரு கேள்வி. முகாம்ல இருந்தவங்க பேர், ஊர் எழுதின பதிவேடு ஏதாவது மிஞ்சியிருக்குமா?

கணக்குப்பிள்ளை:
எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் தாலுகாவாரியாகத் தலை எண்ணிக்கைதான் வரும், பெயரை எதிர்பார்க்காதீர்கள். தாலுகா தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த மாதம் போகிறேன், புரட்டிப் பார்க்கிறேன்.

ஹட்டன்காரன்:
முசிறிப் பக்கம்னு சொல்லுவாங்க. 'மு'வுக்கு அதுவும் பொருந்துது பாருங்க, இப்பத்தான் தோணுது. அம்மாச்சிகிட்ட கேட்டுட்டு வர்றேன்.