புதுப்பிப்பு: அவருடைய பழைய சூதாட்டப் பழக்கம்

இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியது சிலருக்கு நினைவிருக்கலாம். நான் திருமணம் செய்யவிருந்தவர் ஒரு காலத்தில் சூதாட்டத்தில் மூழ்கி, நண்பர்களிடம் பொய் சொல்லிக் கடன் வாங்கியவர். விட்டு மூன்று வருடம் ஆகிறது என்று அவரே சொன்னார். ஏற்கலாமா என்று கேட்டிருந்தேன். ஓடிவிடு என்றவர்களே அதிகம்.

ஓடவில்லை. கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போட்டேன்.

யோசித்துப் பார்த்தால், என்னை உறுத்தியது சூதாட்டத்தைவிட அந்தப் பொய்கள்தான். அதனால் சத்தியம் எதுவும் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டேன். தயங்கினார் (எனக்கு வயிற்றைக் கலக்கியது). அப்புறம் வங்கிக் கணக்கு, பாக்கிக் கடன் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். முன்பு சொன்னதைவிட ஒரு கடன் கூடுதலாக இருந்தது. வெட்கத்தில் மறைத்தாராம். அன்று இரவு நான் பேசவே இல்லை.

பிறகு இருவருமாக ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்தோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்க் கையேடு சூதாட்ட அடிமைத்தனத்தைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்துவிட்டதாம். விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி ஆடுவது, அதை மறைக்கப் பொய் சொல்வது, இரண்டுமே அதன் அறிகுறிகள் என்றார். சரி, புரிந்தது. மன்னிப்பு இன்னும் முழுதாக வரவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை கணக்கைச் சேர்ந்து பார்க்கிறோம். என் சேமிப்பு தனியாகவே இருக்கிறது. போன வாரம், நான் கேட்காமலேயே, "இன்னைக்கு ஆடணும்போல இருந்தது" என்றார். பயந்துதான் போனேன். ஆனால் சொன்னாரே! தேதி இன்னும் குறிக்கவில்லை.